எடையைக் குறைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுத் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைப் 2 சர்க்கரை நோயும் கூடுதல் எடையும் சேர்ந்து உள்ள பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. ரத்தச் சர்க்கரை அளவுகள் எல்லாம் மில்லிகிராம்/டெசிலிட்டர் கணக்கில் உள்ளன. உணவின் எடை, வேறு குறிப்பு இல்லாத இடங்களில், சமைத்த பிறகு உள்ள எடை.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

மருந்துச் சீட்டிலிருந்து. பெரும்பாலும் நடப்பது வேறு: சோற்றைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள், மருந்து மட்டும் பழைய அளவிலேயே ஓடும். அந்த அளவு, பழைய சாப்பாட்டுக்கு என்று எழுதிக் கொடுத்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாப்பாட்டுக்கு முன் கை நடுங்கும், வியர்க்கும், எண்ணிப் பார்க்க முடியாத பசி வரும். கையில் கிடைத்ததைச் சாப்பிட்டுத்தான் அது அடங்கும். இப்படி வாரத்தில் நாலு தடவை நடந்தால் குறைத்த கலோரி முழுவதும் திரும்பி வந்துவிடும். மன உறுதி போதவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். கோளாறு மருந்தின் அளவில் இருக்கிறது.

ஆகவே சீட்டைப் பார்த்து மருந்துகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்சுலின், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, ரெபாக்ளினைடு ஆகியவை சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் "இன்ன தேதியிலிருந்து மாவுச்சத்தை இவ்வளவு குறைக்கப் போகிறேன், எந்த மருந்தை எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மெட்ஃபார்மின், சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின் போன்றவை தனியாக எடுக்கும்போது தாழ்சர்க்கரையை, அதாவது ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவதை, அரிதாகவே உண்டாக்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைத் தனியாகப் பார்க்க வேண்டும். இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ பட்டினி கிடந்தாலோ, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரலாம். மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகத் தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் இருந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள். இன்சுலின், கிளிமிபிரைடு வகை, பயோகிளிட்டசோன் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. உங்கள் நிலைக்கு எடையை ஏற்றாத மாற்று உண்டா என்பது நியாயமான கேள்வி.

எவ்வளவு குறைந்தால் பலன் தெரியும்?

இப்போதைய எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியும். 84 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோ சொச்சம். 10 கிலோவுக்கு மேல் போனால் மருந்தே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முதலாண்டு முடிவு 2017இல் வெளியானது. நோய் கண்டுபிடித்து 6 ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத நோயாளிகளுக்கு 3 முதல் 5 மாதம் வரை நாளுக்கு சுமார் 850 கலோரி திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு நோய் தணிந்த நிலையில், அதாவது மருந்து இல்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே, இருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் அது 86 சதவீதம்.

அந்த ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் உணவு மாறிய அன்றே, கண்காணிப்போடு நிறுத்தினார்கள் என்பதைச் செய்தியாகப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. 850 கலோரியை வீட்டில் தன்னிச்சையாக முயல வேண்டாம். நோய் வந்து 15 ஆண்டு ஆனவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் அதே விகிதத்தில் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி?

கணக்கு எளிதுதான். எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். படுத்தே இருந்தாலும் உடம்புக்கு வேண்டிய கலோரி இது. உட்கார்ந்த வேலை, கொஞ்சம் நடை என்றால் இதை 1.3ஆல் பெருக்க வேண்டும்.

52 வயது, 168 செ.மீ., 84 கிலோ உள்ள ஆணுக்கு: 840 + 1050 − 260 + 5 = 1635. அதை 1.3ஆல் பெருக்க, சுமார் 2125. அதில் 500 முதல் 750 வரை குறைக்கலாம். 600 குறைத்தால் 1525 கலோரி. பெண்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் 1200 முதல் 1500க்குள் நிற்கும். 1200க்குக் கீழே மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் போகக் கூடாது. புரதமும் வைட்டமின்களும் அதற்குள் அடங்குவது கடினம்.

சூத்திரம் தருவது தொடக்கப் புள்ளி மட்டுமே. மூன்று வாரம் கடைப்பிடித்து, எடை இறங்கும் வேகத்தைப் பார்த்து 100 கலோரி கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம். கல்லீரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் போகிறது. அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம்.

மாவுச்சத்தை முழுக்க நிறுத்திவிடலாமா?

தேவையில்லை. ரத்தச் சர்க்கரையை நேராக ஏற்றுவது மாவுச்சத்துதான் என்பதால் அதைக் குறைப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் எடை குறைவது மொத்தக் கலோரியைப் பொறுத்தது. மாவுச்சத்து குறைந்த உணவும் கொழுப்பு குறைந்த உணவும் கலோரி சமமாக இருக்கும்போது ஓராண்டுக்குப் பின் எடையில் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. எதை நீங்கள் ஆறு மாதம் தாண்டியும் சாப்பிட முடியுமோ அதுவே உங்களுக்கு ஏற்றது.

நாளுக்கு 130 முதல் 160 கிராம் மாவுச்சத்து பெரும்பாலோருக்குத் தாங்கும். 50 கிராமுக்குக் கீழே போகும் கீட்டோ வகை உணவும் சிலருக்குப் பலன் தருகிறது. ஆனால் அதைத் தொடங்கும் அன்றே மருந்தைப் பெரிய அளவில் மாற்ற வேண்டியிருக்கும், மேலே சொன்ன கிளிஃப்ளோசின் வகை மருந்தோடு அதைச் சேர்க்கவே கூடாது.

தினமும் எல்லாவற்றையும் எடைபோட வேண்டுமா?

இரண்டு வாரத்துக்கு மட்டும். அதற்குள் கண்ணுக்குப் பழகிவிடும்.

கண் எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சோறே போதும். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. ஒரு காலித் தட்டைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். வழக்கமாகப் போடும் கரண்டியால், வழக்கமாகப் போடும் அளவு போடுங்கள். "கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்" என்பவர்களின் தட்டில் 300 கிராம் ஏறுவது சாதாரணம். அது 84 கிராம் மாவுச்சத்து, அதாவது இங்கே சொல்லும் திட்டத்தின் ஒரு நாள் அளவில் பாதிக்கு மேல். பிறகு 100 கிராம் வரும்வரை எடுத்துவிட்டு, அந்தக் கரண்டியில் அது எத்தனை கரண்டி, தலைதட்டியா குவித்தா என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி தராசு இல்லாமல் அந்தக் கரண்டியே அளவு. கரண்டியை மட்டும் மாற்றாதீர்கள்.

அரிசியைச் சமைக்காமல் எடைபோட்டு, சோற்றின் கணக்கில் எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. 100 கிராம் அரிசியில் சுமார் 80 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. தண்ணீர் குடித்து அது மூன்று மடங்கு எடை ஆகிறது.

அளக்க வழியில்லாத இடத்தில் தட்டு முறை கைகொடுக்கும். 23 செ.மீ. அகலத் தட்டில் பாதிக்கு மாவு இல்லாத காய்கள், கால்பங்குக்குப் புரதம், கால்பங்குக்குச் சோறு, ரொட்டி, கிழங்கு போன்றவை. உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, மக்காச்சோளம், பட்டாணி எல்லாம் காய்ப் பக்கத்தில் சேராது, சோற்றின் பக்கத்தில் சேரும். தட்டு 28 செ.மீ. என்றால் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதனால் தட்டின் அகலத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

சுமார் 1500 கலோரிக்கு ஒரு நாள் சாப்பாடு எப்படி இருக்கும்?

மேலே கணக்குப் போட்ட 84 கிலோ ஆணுக்கே எடுத்துக்கொள்வோம்.

காலை: முட்டை 2, முழுக்கோதுமை பிரெட் 2 துண்டு (துண்டுக்கு 30 கிராம்), வதக்கிய காய் 100 கிராம், எண்ணெய் 1 தேக்கரண்டி, 120 மில்லி பால் சேர்த்த, சர்க்கரை போடாத காபியோ டீயோ. 420 கலோரி, மாவுச்சத்து 38 கிராம், புரதம் 24 கிராம்.

மதியம்: சோறு 100 கிராம், கெட்டியாக வேகவைத்த பருப்பு 100 கிராம், மீன் 100 கிராம், காய் 200 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி. 515 கலோரி, மாவுச்சத்து 58, புரதம் 38.

மாலை: சிறிய ஆப்பிள் ஒன்று, தோலோடு 120 கிராம். கொட்டைப் பருப்பு 15 கிராம். 150 கலோரி, மாவுச்சத்து 19, புரதம் 3.

இரவு: வேகவைத்த உருளைக்கிழங்கு 180 கிராம், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 80 கிராம், காய் 200 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி. 430 கலோரி, மாவுச்சத்து 46, புரதம் 31.

மொத்தம் ஏறக்குறைய 1515 கலோரி, 161 கிராம் மாவுச்சத்து, 96 கிராம் புரதம். உருளைக்கிழங்கைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். அளந்து, எண்ணெயில் பொரிக்காமல், காயோடும் கறியோடும் சாப்பிடும்போது அது சோற்றுக்கு ஈடாகக் கணக்கிடத் தக்க ஓர் உணவு, அவ்வளவுதான்.

மூன்று வேளைக்கும் மாவுச்சத்தை ஓரளவு சமமாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். காலையில் 15 கிராமும் இரவில் 100 கிராமும் என்று சாப்பிட்டால் நாள் மொத்தம் சரியாக வந்தாலும் இரவுச் சர்க்கரை எகிறும். வேளைக்கு வேளை மாறாத மருந்து அளவு இதற்கு ஈடுகொடுக்காது.

புரதம் ஏன் இவ்வளவு?

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. சாப்பாட்டுச் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்குவது தசைதான், அதை இழந்தால் நோயைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வைத்துக்கொள்ளலாம். புரதம் வயிற்றில் நிற்பதால் அடுத்த வேளைவரை பசியும் தாங்கும். கூடவே வாரத்துக்கு இரண்டு நாளாவது எடை தூக்குதல், உட்கார்ந்து எழுதல் போன்ற தசைப் பயிற்சி வேண்டும். வெறும் நடை தசையைக் காப்பாற்றாது.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

பருப்பிலேயே புரதம் முழுவதையும் எடுக்கப் பார்ப்பதில்தான் சிக்கல் வருகிறது. 20 கிராம் புரதம் வேண்டுமானால் 220 கிராம் வெந்த பருப்பு வேண்டும். கூடவே 44 கிராம் மாவுச்சத்தும் 250 கலோரிக்கு மேலும் வரும். அதன்மேல் சோறும் போட்டால் கணக்கு இடிக்கும். பருப்பை மாவுச்சத்தாகவும் எண்ணுங்கள். பருப்பு கூடும் வேளையில் சோறு குறைய வேண்டும். மீதிப் புரதத்துக்கு டோஃபு, சோயா உருண்டை, சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிர், சாப்பிடுபவர்கள் என்றால் முட்டை. பனீரில் புரதம் உண்டுதான், ஆனால் கொழுப்பு மிகுதி. 80 கிராமே 240 கலோரிக்குப் பக்கத்தில் வரும்.

பருப்பில் நார்ச்சத்து அதிகம் என்பதால் அதன் மாவுச்சத்து மெதுவாகவே சர்க்கரையாகும். அந்த நன்மை, தண்ணீராகக் கரைத்த பருப்புச் சாற்றைச் சோற்றில் ஊற்றினால் கிடைக்காது.

பழுப்பு அரிசிக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் எடை குறையுமா?

அளவைக் குறைத்தால் குறையும். மாவுச்சத்தும் கலோரியும் வெள்ளை அரிசிக்கு வெகு அருகில்தான் இருக்கின்றன. நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை ஏறுவது சற்று மெதுவாகலாம். "இது சர்க்கரைக்கு நல்லது" என்று இரண்டு மடங்கு சாப்பிடுவதால் கெட்டுப்போன திட்டங்கள்தான் அதிகம். அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அந்த மெதுவும் போய்விடும்.

பழம்?

15 கிராம் மாவுச்சத்துக்குள் ஒரு வேளைக்கு ஒன்று, முழுப் பழமாக, தோலைச் சாப்பிட முடிந்தால் தோலோடு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 27 கிராம் இருக்கிறது, ஆகவே பாதி. சாறு வேண்டாம், தாழ்சர்க்கரைக்கு மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் சர்க்கரை நன்றாக இருக்கிறது, எடை மட்டும் இறங்கவில்லை. ஏன்?

மீட்டர் கொழுப்பைக் காட்டாது. எண்ணெய், கொட்டைகள், தேங்காய், சீஸ், வெண்ணெய் எதுவும் இரண்டு மணி நேரச் சர்க்கரையை அதிகம் அசைப்பதில்லை. ஆகவே மீட்டரை மட்டும் பார்த்துச் சாப்பிடுபவர்கள் இவற்றின் பக்கம் மெல்லச் சாய்கிறார்கள். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 4. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. உள்ளங்கை நிறையக் கொட்டைப் பருப்பு, அதாவது 30 கிராம், 170 கலோரிக்கு மேல். டிவி முன்னால் டப்பாவோடு உட்கார்ந்தால் நூறு கிராம் போவது தெரியாது.

எண்ணெயைக் கரண்டியில் அளப்பது பல சமையலறைகளில் நடக்காத காரியம். பாட்டில் கணக்கு நடக்கும். ஆளுக்கு நாளுக்கு 5 தேக்கரண்டி என்றால் 25 கிராம். இருவர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு 350 கிராம், அதாவது ஏறக்குறைய 380 மில்லி. ஞாயிறன்று அவ்வளவை மட்டும் சின்னப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். வியாழனே தீர்ந்தால் காரணம் தெரிந்துவிடும்.

"சர்க்கரை சேர்க்காதது" என்று அச்சிட்ட பிஸ்கட், இனிப்பு சாப்பிடலாமா?

பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பார்க்க வேண்டியது மொத்த மாவுச்சத்து, மொத்தக் கலோரி. பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவும் கொழுப்பும் இருக்கின்றன. 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருப்பது சகஜம். மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் கிராமுக்கு 2 கலோரி சொச்சம் தரும், சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், அதிகம் போனால் வயிற்றைக் கலக்கும். அட்டவணையில் உள்ள "ஒரு பரிமாறல்" எத்தனை கிராம் என்பதையும் பாருங்கள். இரண்டு பிஸ்கட்டுக்குப் போட்ட கணக்கைப் பாக்கெட் முழுவதுக்குமானது என்று படித்துவிடுவது எளிது.

தாழ்சர்க்கரை வந்தால் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? எடை கூடாதா?

சாப்பிட்டே ஆக வேண்டும், தயங்கக் கூடாது. அளந்து சாப்பிட்டால் எடைக்குப் பெரிய பாதகம் இல்லை. 70க்குக் கீழே போனால் 15 கிராம் வேகமான சர்க்கரை: 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை 4, அல்லது சர்க்கரை 3 தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, அல்லது பழச்சாறு 120 முதல் 150 மில்லி. 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. இது 60 கலோரி. அந்தப் பதினைந்து நிமிடம் பொறுக்க முடியாமல் சாப்பிடுவதுதான் 500 கலோரி ஆகிறது. அதனால் அளந்த பொட்டலங்களைப் பையிலும் படுக்கை அருகிலும் முன்கூட்டியே வையுங்கள்.

சாக்லேட், ஐஸ்கிரீம் இதற்கு உதவாது. கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்தும். அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் வேலை செய்யாது, அதை உடைக்கும் நொதியையே அந்த மருந்து தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸையே வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே அவசர உதவிக்கு அழையுங்கள்.

ஒரு வாரத்தில் இரண்டு தடவை வந்தால் சாப்பாட்டைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நேரத்தோடு குறித்து வைத்து, மருந்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குத் தயங்கித் தினமும் மாலை நாலு மணிக்குப் பயந்தே சாப்பிடுபவர்கள், திட்டத்தில் இல்லாத ஒரு வேளைச் சாப்பாட்டை மருந்துக்காகவே சாப்பிடுகிறார்கள்.

எந்த உணவு எனக்குச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜோடிப் பரிசோதனை. முதல் கவளத்துக்கு முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் ஒன்று. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின் 180க்குள் என்பது பெரும்பாலோருக்கான இலக்கு. ஆனால் இங்கே வித்தியாசத்தைத்தான் பார்க்கிறோம். முன் 118, பின் 206 என்றால் ஏற்றம் 88. மறுநாள் அதே சாப்பாட்டில் சோற்றை 150லிருந்து 100 கிராமாக்கி, மற்றதை மாற்றாமல் பாருங்கள். அடுத்த நாள் அதே 150 கிராம் சோறு, காயையும் மீனையும் முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் சோறு. பலருக்கு வரிசையை மாற்றுவதே நல்ல வித்தியாசம் தருகிறது. இன்னொரு நாள் சாப்பிட்டதும் 15 நிமிட நடை. ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பரிசோதனைக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய விரலில் குத்தினால் மீட்டர் இல்லாத உயரத்தைக் காட்டும்.

இரவுச் சாப்பாட்டைக் குறைத்தும் காலை வெறும் வயிற்றில் அதிகம். என்ன செய்வது?

படுக்கும்போது ஒன்று, விடியற்காலை 3 மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். படுக்கும்போதே 200 என்றால் இரவுச் சாப்பாடு அல்லது அதற்குப் பின் கொறித்ததுதான் காரணம். படுக்கும்போது 125, 3 மணிக்கு 130, காலையில் 165 என்றால் விடியலில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. இரவுப் பட்டினி இதைத் தீர்க்காது. எடை குறையக் குறைய, கல்லீரல் கொழுப்பு கரையும்போது இது தணியும். 3 மணிக்கு 70க்குக் கீழே என்றால் மருந்து அதிகம், மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒரு வேளையை விட்டுவிட்டால், அல்லது 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால்?

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்கள் முயலலாம். இன்சுலின், கிளிமிபிரைடு வகை எடுப்பவர்கள் மருந்தை மாற்றாமல் முயலவே கூடாது. பலன் கிடைத்தால் அது மொத்தக் கலோரி குறைந்ததால் வருவது. எட்டு மணி நேரத்துக்குள் பழைய அளவையே திணித்தால் ஒன்றும் நடக்காது. இதற்கு நேர்மாறாக "ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக" என்பதும் எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. கொறிக்கும் நேரங்களைத் திட்டத்தில் சேர்த்தால் அவை கொஞ்சமாக இருப்பதில்லை.

சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் எடை கூடிவிட்டதே?

இது நடக்கக்கூடியதே. ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டும்போது சிறுநீரில் குளுக்கோஸ் வழிகிறது. நாளுக்கு 50 கிராம் வெளியேறினால் 200 கலோரி தன்னால் போகிறது. கட்டுக்குள் வந்ததும் அந்தக் கலோரி உடம்பிலேயே தங்கும். சாப்பாடு பழைய அளவிலேயே இருந்தால் எடை ஏறும். இந்த ஏற்றத்துக்குப் பயந்து இன்சுலினைத் தவிர்ப்பது ஆபத்து. மருந்து கூடும் வாரத்திலேயே சாப்பாட்டில் 200 கலோரி குறைப்பதுதான் வழி.

செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசி போடுபவர்களுக்கும் திட்டம் வேண்டுமா?

வேண்டும், வேறு காரணத்துக்காக. பசியே எடுக்காததால் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார்கள். அந்த இரண்டு கவளமும் சோறாக இருந்தால் தசை கரையும். புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், பிறகு காய், இடம் இருந்தால் சோறு. குமட்டலுக்குச் சிறிய அளவும் எண்ணெய் குறைந்த உணவும் உதவும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகையோ கூட இருந்தால் தாழ்சர்க்கரை அபாயம் இங்கேயும் உண்டு.

இரண்டு மாதம் இறங்கிய எடை அப்படியே நிற்கிறது.

மூன்று வாரம் அசையாமல் இருந்தால்தான் நின்றதாகக் கொள்ளுங்கள். மலச்சிக்கல், உப்பான விருந்து, மாதவிடாய் ஆகியவை ஒன்றிரண்டு கிலோ தண்ணீரை ஏற்றி மறைத்துவிடும். உண்மையிலேயே நின்றிருந்தால் முதலில் தராசைத் திரும்ப எடுத்து ஒரு வாரம் அளந்து பாருங்கள். 100 கிராம் சோறு 160 ஆகியிருக்கும். அளவு சரியாகவே இருந்தால் கணக்கைப் புது எடைக்குத் திருப்பிப் போடுங்கள். 10 கிலோ குறைந்தவருக்குச் சூத்திரப்படியே நாளுக்கு 130 கலோரி தேவை குறைந்திருக்கிறது. மதுவையும் எண்ணுங்கள், கிராமுக்கு 7 கலோரி. வெறும் வயிற்றில் குடித்தால் மறுநாள் காலைவரை தாழ்சர்க்கரை வரலாம் என்பது தனி அபாயம்.

யார் இந்தத் திட்டத்தை அப்படியே பின்பற்றக் கூடாது?

கர்ப்பிணிகள் எடை குறைக்கும் நேரம் இது இல்லை. டைப் 1 உள்ளவர்கள் மாவுச்சத்துக்கு ஏற்ப இன்சுலினைக் கணக்கிட வேண்டும், சாப்பிடாத நாளிலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. சிறுநீரக நோய் இருந்து டயாலிசிஸ் செய்யாதவர்களுக்குப் புரதம் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிற்க வேண்டும். சிலருக்குப் பொட்டாசியமும் குறைய வேண்டியிருப்பதால் காய், பழப் பட்டியலே மாறும். எழுபது தாண்டி மெலிந்த தசையோடு இருப்பவர்களுக்கு எடையைக் குறைப்பதைவிட வலுவைக் காப்பது முக்கியம்.

விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீண்டகாலம் உயர்ந்திருந்த சர்க்கரை சட்டென்று இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம்.

எதை, எப்போது பரிசோதிப்பது?

எடை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், எழுந்து சிறுநீர் கழித்த பின். இடுப்பளவு மாதத்துக்கு ஒருமுறை. தாழ்சர்க்கரை தரக்கூடிய மருந்து எடுப்பவர்கள் முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும்போதும் மீட்டரில் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை 3 மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு முன் எடுத்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் அதில் கலந்திருக்கும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் 4, 5 கிலோ குறைந்ததும் நின்ற நிலையிலும் ஒருமுறை அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எழும்போது தலை சுற்றினால் அந்த மாத்திரையின் அளவையும் குறைக்கும் நேரம் வந்திருக்கலாம்.